ஒம்போது டிக்

எல்சியோட ஹெட்போன்ல எடது பக்கம் செத்து ரெண்டு மாசம் ஆச்சு. ஒயரை ஒரு மாதிரி முறுக்கிப் புடிச்சா உயிர் வரும், விட்டா போயிடும். முறுக்குன மேனிக்கு டேப்பைச் சுத்தி ஓட்டிக்கிட்டிருந்தா. பொங்கல் கழிஞ்சதும் டேப்புக்கும் மசியாம அடங்கிப்போச்சு.

பாட்டு மட்டும்னா ஒத்தக் காதுல சமாளிச்சிருப்பா. அதுலயும் ஏற்கெனவே ஒரு தடவை மாட்டிக்கிட்டவதான். கோயில் பாடகர் குழுவுக்கு கிறிஸ்மஸ் பாட்டை கம்ப்யூட்டர்ல கோத்துக் குடுத்தது அவ. கேக்குற காது ஒண்ணுதானே, எல்லாம் சரியாதான் இருக்குன்னு குடுத்துட்டா. பூசையில போட்டப்பதான் தெரிஞ்சுது, ரெமிஜியஸ் மாமாவோட கட்டைக் குரல் மொத்தமும் பொம்பளைங்க உக்காந்திருக்கிற பக்கத்து பாக்ஸ்ல மட்டும் வருது. ஆம்பளைங்க பக்கம் வெறும் தாளம். மாமா இன்னைக்கு வரைக்கும் அவளைப் பாத்தா, என்னைப் பொம்பளைங்க வரிசையில உக்கார வச்ச புள்ளைன்னுதான் கூப்புடுறாரு.

கேமு விஷயம் இதைவிட மோசம். அஞ்சு பேருக்கு அஞ்சு பேரு சுட்டுக்கிற கேமு. அதுல கண்ணு பாதி வேலை, காது பாதி வேலை. எதிராளி எந்தப் பக்கம் வர்றான், மாடிப்படியா, மணலா, இரும்புத் தகடா, எல்லாம் காலடிச் சத்தத்துலதான் புடிக்கணும். எல்சிக்கு வலது பக்கம் வர்றவன் மட்டும் வந்தான். எடது பக்கம் வர்றவன் வராமலே சுட்டுட்டுப் போனான்.

டீமுக்கு கேப்டன் ஹபீப் முகம்மது. முத்துப்பேட்டைக்காரன், காலேஜ்ல அவளுக்கு ஒரு வருஷம் சீனியர். ஒரே வாரத்துல பதினேழு தடவை அவ எடது பக்கத்துலேர்ந்து செத்ததைக் கணக்குப் பண்ணி வச்சிருந்தான். பிப்ரவரி ரெண்டாவது சனிக்கிழமை தகுதி மேட்ச். தோத்தா அடுத்த வருஷம்தான். அவன் கோவமா எல்லாம் பேசல. மெதுவாத்தான் சொன்னான், அதான் அவளுக்கு இன்னும் உறைச்சுது.

"சனிக்கிழமைக்குள்ள காதை ரெடி பண்ணு எல்சி. இல்லாட்டி ஜீவிதாவை எறக்கிட்டு உன்னை வெளிய உக்கார வைக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல. கோச்சுக்காத."

ஜீவிதா டீம்ல ஆறாவது ஆளு. நல்ல புள்ளதான். அதுதான் பிரச்சனையே. ஒரு தடவை உள்ள எறங்குனா அப்புறம் யாரும் அவளை வெளிய அனுப்ப மாட்டாங்க, எல்சியே அனுப்ப மாட்டா.

சரி, புதுசு வாங்கிட்டா முடிஞ்சுதுன்னு நெனைப்பீங்க. எல்சி கையில இருந்தது ஆயிரத்தி ஐநூறு. அதுக்குள்ள கேமுக்கும் ஆகணும், பாட்டுக்கும் ஆகணும். அதை விடப் பெரிய எதிரி ஒண்ணு இருந்துச்சு. கொடவாசல்ல அவங்க வீட்டுக்குக் கொல்லைப்பக்க சொவரும் ரைஸ் மில்லோட சொவரும் ஒரே சொவரு. அப்பா அருள்சாமி அந்த மில்லுலதான் ஆபரேட்டர். சம்பா அறுப்பு நேரம், லாரி வரிசை ரோடு வரைக்கும் நிக்குது. டிரையர் ஓடுது, எலிவேட்டர் ஓடுது, பாலிஷர் ஓடுது. வீட்டுல டம்ளர்ல தண்ணி வச்சா அதுபாட்டுக்கு ஆடிக்கிட்டிருக்கும். அப்பாவுக்கு இருபது வருஷ மில்லு காது, அதனால வீட்டுல டிவி வேற ஊருக்கே ஓடும்.

எல்சி அறுபது வீடியோ பாத்தா. ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு சொல்றான். ஒருத்தன் ஆயிரம் ரூவா ஹெட்போனைத் தூக்கிக் காட்டி இதுக்கு மேல எதுவும் தேவை இல்லைங்கறான். அவனே அடுத்த வாரம் இன்னொண்ணைத் தூக்கிக் காட்டி, போன வாரத்தை மறந்துடுங்கங்கறான். கடைசில மண்டை காஞ்சு, ஞாயித்துக்கெழமை வீடியோ கால்ல அண்ணன் கிளமென்ட்டுகிட்ட பொலம்புனா.

கிளமென்ட் சிங்கப்பூர்ல ஷிப்யார்டுல வேலை. போயி ஆறு வருஷம் ஆச்சு. அந்த கம்ப்யூட்டரே அவன் மொத வருஷ சம்பளத்துல செகண்ட் ஹேண்டா வாங்கிக் குடுத்ததுதான். நான் வாங்கி அனுப்புறேன், அந்தக் காசை நீயே வச்சுக்கன்னுட்டான். உடனே எல்சி க்ளோஸ்டு பேக்கு, நாப்பது எம்எம் டிரைவர், அவ்ளோ ஓம்ஸுன்னு ஒரு பெரிய மெசேஜ் தட்டி விட்டா. அவன் திருப்பி கால் பண்ணுனான்.

"என்னடி இது, டாக்டர் சீட்டு மாதிரி. எனக்குப் புரியாதது கடைக்காரனுக்குக் கொண்டாட்டம், எதையாவது தலையில கட்டிருவான். எப்டி இருக்கணும், எதுக்குத் தாங்கணும், அதை மட்டும் தமிழ்ல எழுது. யார்டுல நாங்க அப்டித்தான் சாமான் எடுப்போம். ஒண்ணொண்ணா டிக் அடிச்சு எடுத்துருவேன்."

எல்சிக்கு அது ரொம்ப நியாயமாப் பட்டுச்சு. ராத்திரி உக்காந்து ஒரு பேப்பர்ல அழகா எழுதி போட்டோ புடிச்சு அனுப்புனா. காதை முழுசா மூடணும். வெளிச் சத்தம் உள்ள வரவே கூடாது. எட்டு மணி நேரம் போட்டாலும் வலிக்கக் கூடாது. கண்ணாடிக் காம்பு மேல அழுத்தக் கூடாது. வேர்வையில பஞ்சு உரியக் கூடாது. பஞ்சு கிழிஞ்சா தனியா மாத்தக் கிடைக்கணும். கீழ விழுந்தா ஒடையக் கூடாது. மண்டைக்குத் தக்கன பெருசு சிறுசு ஆகணும். லைட்டு எரியக் கூடாது. மொத்தம் ஒம்போது. எழுதி முடிச்சு ஒரு தடவை படிச்சுப் பாத்தா, எதுவும் விட்டுப்போகலன்னு அவளுக்கே ஒரு பெருமை.

அண்ணனோட ஒரே ரூம்ல இருக்குற தியாகேசண்ணன் குத்தாலத்துக்காரரு. அவரு லீவுல வந்தப்ப பெட்டியில போட்டுக் குடுத்து விட்டிருந்தான். மேட்சுக்கு ரெண்டே நாள், வியாழக்கெழமை சாயங்காலம் அப்பா டிவிஎஸ்ல போயி வாங்கிட்டு வந்தாரு. அம்மாவுக்குக் கோடாலித் தைலம், ஒரு பை சாக்லேட்டு, ஒரு துண்டுல சுத்துன அட்டைப் பொட்டி. எல்சி ஹபீபுக்கு வீடியோ கால் போட்டு, ஃபோனைச் சொவத்துல சாச்சு வச்சுட்டு, அவன் பாக்கப் பாக்கவே பொட்டியைப் பிரிச்சா.

மஞ்சக் கலரு. நல்லா குண்டு குண்டா ரெண்டு மூடி, மேல மெத்துனு பட்டை. ஒயரு இல்ல.

"ப்ளூடூத்து போல. ஆன் பண்ணு"ன்னான் ஹபீப்.

எல்சி தடவிப் பாத்தா. பட்டன் இல்ல. திருப்பிப் பாத்தா. அமுக்குனா, இழுத்தா, பஞ்சைக்கூட பிரிச்சுப் பாத்துட்டா. சார்ஜ் போடுற ஓட்டையும் இல்ல. அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு வந்து ஒரு ரவுண்டு தேடுனாரு. அம்மா தைலத்தை மோந்துக்கிட்டே எட்டிப் பாத்துட்டு, கூட வந்த புக்கைப் படிங்களேன்னாங்க. புக்கைத் தொறந்தா மொதப் படத்துல ஒரு ஆளு இந்தத் தலைச் சாமானை மாட்டிக்கிட்டு மிஷினால ரோட்டை ஒடைச்சுக்கிட்டிருந்தான். ரெண்டாவது படத்துல ஏரோபிளேனுக்குப் பக்கத்துல ஒருத்தன் நின்னுக்கிட்டிருந்தான்.

ஃபோன்ல ஹபீப் மைக்கை ஆஃப் பண்ணிட்டான். ஆனா கேமரா ஆன்ல இருந்துச்சு. அவன் கட்டில்ல குப்புற விழுந்து சிரிக்கிறது நல்லாவே தெரிஞ்சுது.

அது ஹெட்போனே இல்ல. சத்தம் காதுக்குள்ள போகாம இருக்க வேலைக்காரங்க மாட்டுற இயர் மஃப். பொட்டியோட அடியில அவ எழுதுன லிஸ்ட்டை அண்ணன் பிரிண்ட் எடுத்து மடிச்சு வச்சிருந்தான். ஒம்போதுக்கும் நேரா நீலப் பேனாவுல டிக். லைட்டு எரியக் கூடாதுங்கறதுக்கு மட்டும் ரெண்டு டிக். எல்சி அதை மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல படிச்சா. அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. அதுல பாட்டு வரணும்னு அவ எழுதவே இல்ல. மாடு வாங்கிட்டு வான்னு சொல்றவன், உயிரோட இருக்குற மாடா வாங்குன்னு சேத்தா சொல்லுவான்?

அப்பா அதை எடுத்து மாட்டிக்கிட்டு கொல்லைக்குப் போனாரு. மில்லு சொவத்துக்குப் பக்கத்துல போயி நின்னாரு. அந்தப் பக்கம் டிரையர் கத்திக்கிட்டிருக்கு. கோயில் பூசையில நன்மை வாங்கிட்டு வந்து முட்டி போட்டவரு மாதிரி கண்ணை மூடிக்கிட்டு அப்டியே ரெண்டு நிமிஷம் நின்னாரு. வந்து, உனக்கு ஒதவாதுன்னா எனக்குக் குடுத்துரு பாப்பான்னாரு. கும்மோணத்துல எதாவது கடையில மாத்திக் குடுக்குறானான்னு கேக்குறேன், இல்லாட்டி ஒனக்குத்தான்னு எல்சி சொன்னா.

அதுக்குள்ள அண்ணன்கிட்டேர்ந்து மெசேஜ். மாட்டி ஒரு போட்டோ அனுப்பு. ஓவர்டைம் முடிச்சுட்டு அலைஞ்சு, ஒயரு இல்லாததைப் பாத்து ப்ளூடூத்துன்னே நம்பி வாங்கிருப்பான். எல்சி மாட்டிக்கிட்டு பல்லு தெரியச் சிரிச்சு ஒண்ணு புடிச்சு அனுப்புனா. அஞ்சாவது நிமிஷம் அதை ஸ்டேட்டஸ்ல வச்சுட்டான். என் தங்கச்சின்னு எழுதி கீழ மூணு நெருப்பு. இனிமே எப்டி உண்மையைச் சொல்றது.

வெள்ளிக்கெழமை கும்மோணம் போனா. ஆன்லைன்ல போட்டா கொடவாசலுக்கு வர நாலு நாளாவும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல சாமிதுரைன்னு ஒருத்தர் கடை, கம்ப்யூட்டர் சாமான் எல்லாம் வச்சிருப்பாரு. அவரு மஞ்ச மஃப்பைக் கையில வாங்கித் திருப்பிப் பாத்துட்டு, நட்டு போல்ட்டு கடைச் சாமானை எங்கிட்ட நீட்டுறியேம்மான்னாரு. மாத்துறதெல்லாம் நடக்காது. அதை மடியில வச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்தா.

கடையில எல்லாத்தையும் ஒரே பாட்டுலதான் டெஸ்ட் பண்ணிக் காட்டுவாரு. குத்துப் பாட்டு. எந்த ஹெட்போனா இருந்தாலும் அதுல நெஞ்சு அதிரும், வாங்குறவன் தலையாட்டுவான், பில்லு போட்டுருவாரு. எல்சி அதை வேணாம்னுட்டு தன் ஃபோனை நீட்டுனா. அதுல ரெண்டு சாமான் வச்சிருந்தா. ஒண்ணு, கேம்ல ஹபீப் அவளுக்காகவே பதிஞ்சு குடுத்த ஒரு நிமிஷம்: பின்னாடி எடது பக்கம் ஒருத்தன் நடப்பான், மேல தகட்டுல ஒருத்தன், தூரத்துல வலது பக்கம் ஒருத்தன். இன்னொண்ணு, ரெமிஜியஸ் மாமா அவமானப்பட்ட அதே பாட்டு.

மொதல்ல ஆயிரத்தி நானூறு ரூவாய்க்கு கலர் கலரா லைட்டு எரியுற ஒண்ணு. காலடிச் சத்தம் மூட்டை எறக்குற மாதிரி தொம்மு தொம்முன்னு வந்துச்சு. எந்தப் பக்கம்னு கேட்டா ஊர்ல இருக்குற எல்லாப் பக்கமும். ரெண்டாவது கொஞ்சம் தேவலாம், ஆனா கண்ணாடிக் காம்பை மண்டைக்குள்ள எறக்கப் பாத்துச்சு. மூணாவது அருமை. பின்னாடி நடக்குறவன் ஷூ லேசு கட்டலன்னு சொல்ற அளவுக்குத் தெளிவு. வெலை கையில இருக்குறதைப் போல ரெண்டு மடங்கு. எல்சி மரியாதையா கழட்டித் துடைச்சுக் குடுத்துட்டா.

அப்பதான் ஓரமா தொங்குன ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, எடுத்தா. காதுக்குள்ள சொருகுற சின்ன இயர்போன், ஒயர்ல மைக்கு, முந்நூத்தம்பது.

"அதை எடுக்காதம்மா. பேஸே இல்ல, அடி அதிர்வே வராது. மூணு மாசமா அப்டியே தொங்குது, போட்டுப் பாத்தவன் எல்லாம் திட்டிட்டுப் போறான்."

பரவால்லண்ணேன்னு சொருகி, ஹபீப் குடுத்ததை ஓட விட்டா. நெஜமாவே பேஸ் இல்ல. குத்துப் பாட்டைப் போட்டா தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கும். அதைத் தவிர வேற ஒண்ணும் தெரியல, ஏன்னா வெளிய ஒரு பஸ்ஸு ஏர் ஹாரனை அமுக்கிக்கிட்டே இருந்துச்சு, கண்டக்டர் திருவாரூர் திருவாரூர்னு கத்திக்கிட்டிருந்தாரு. சத்தம் தாங்காம காதை மூடக் கையைத் தூக்குனா. மடியில இருந்த மஞ்ச மஃப்பும் கையோட சேந்து வந்துச்சு.

அப்டியே மேல கவுத்தா.

பஸ் ஸ்டாண்டு காணாமப் போச்சு. ஹாரன் இல்ல, கண்டக்டர் வாயை மட்டும் தொறந்து மூடுறாரு. சாமிதுரை என்னமோ சொல்றாரு, அதுவும் இல்ல. அந்த அமைதிக்குள்ள, பின்னாடி எடது பக்கம், மணல்ல ஒருத்தன் நடந்தான். சரக், சரக். மேல தகட்டுல ஒருத்தன் திரும்புனான். தூரத்துல வலது பக்கம் மூணாவது ஆளு துப்பாக்கியில குண்டு மாத்துனான். பேஸ் இல்லாததுதான் வசதியே, காலடியை மூட்டை போட்டு அமுக்க அங்க யாரும் இல்ல. அப்புறம் பாட்டைப் போட்டா. ஒவ்வொரு குரலும் தனித்தனியா, பெஞ்சுல இடம் விட்டு உக்காந்த மாதிரி. ரெமிஜியஸ் மாமா மூணாவது வரியில சுருதியை விட்டுட்டுப் போயி திரும்பி வந்து சேர்றாரு. இத்தனை நாளா இது யாருக்குமே தெரியாது.

பக்கத்துல அறுநூறு ரூவா இயர்போன் ஒண்ணும் இருந்துச்சு. ஆனா அது காதுக்கு வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு, மேல மஃப் போட்டா குத்துது. முந்நூத்தம்பதையே பில்லு போடச் சொன்னா. சாமிதுரை அவளையும் அந்த மஞ்சத் தலையையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே பில்லு போட்டாரு.

வீட்டுல அப்பா வாசல்லயே நின்னாரு. மாத்திக் குடுத்தானான்னு கேட்டாரு, கேக்கும்போதே கண்ணு பை மேலதான். எல்சி விஷயத்தைச் சொன்னா. அப்பா மூஞ்சி சுருங்குனதைப் பாத்து, நாளைக்கு ஒரு நாள் மட்டும்ப்பா, மேட்சு முடிஞ்ச நிமிஷம் ஒன் கையிலன்னு சத்தியம் பண்ணுனா.

சனிக்கெழமை பதினோரு மணி. மில்லு முழு மூச்சுல ஓடுது, டம்ளர்ல தண்ணி ஆடுது. எல்சி இயர்போனைச் சொருகி, மேல மஃப்பைக் கவுத்து உக்காந்தா. தண்ணி ஆடுறது மட்டும் தெரிஞ்சுது, எதுக்கு ஆடுதுன்னு மறந்துபோச்சு.

மொத அஞ்சு ரவுண்டுல எடது பக்கத்துலேர்ந்து ரெண்டு பேரைப் புடிச்சா. பத்தாவது ரவுண்டுல, கொஞ்சம் மெதுவாப் பேசேன் எல்சின்னு ஹபீப் சொன்னான். அவ மெதுவாத்தான் பேசுறதா நெனச்சுக்கிட்டிருந்தா. காதை ரெண்டு பூட்டு போட்டுப் பூட்டுனா தன் குரல் எவ்ளோ சத்தம்னு தனக்கே தெரியாது, அது அவளுக்குத் தோணவே இல்ல. டீம்ல மீதி நாலு பேரும் அவ சவுண்டைப் பாதியாக் கொறைச்சு வச்சுட்டாங்க. தெருவுல கொறைக்கிறதுக்கு பட்டன் இல்ல.

பன்னெண்டுக்குப் பன்னெண்டு. கடைசி ரவுண்டு. ஹபீப் உட்பட நாலு பேரும் செத்தாச்சு. எல்சி ஒருத்தி, எதிர்ல ரெண்டு பேரு. கேம்ல அந்த எடத்துல ஒரு பழைய கொடோனு, பக்கத்துல மாடிப்படி.

"கொடோன்ல ரெண்டு பேரு. ஒருத்தன் படி ஏறுறான். இன்னொருத்தன் பின்னாடி சொவத்தோரமா வர்றான்."

இங்க ஒண்ணு சொல்லணும். கொடோன்னு சொன்னா கொடவாசல்ல அந்தத் தெருவுக்கு ஒரே கொடோன்தான், மில்லுக் கொடோன். அறுப்பு நேரத்துல உள்ள ஆயிரக்கணக்குல மூட்டை இருக்கும். லோடுமேன் மேஸ்திரி கண்ணுசாமி தெருக் கொழாயில கால் கழுவிக்கிட்டிருந்தாரு. ஆபரேட்டரு பொண்ணு அலறுது, கொடோன்ல ரெண்டு பேருங்குது. அவரு மூணு ஆளைக் கூட்டிக்கிட்டு, கையில கெடைச்ச கம்பை எடுத்துக்கிட்டு கொடோனைச் சுத்தி ஓடுனாரு. ஒருத்தன் படியில ஏறுனான், ஒருத்தன் பின் சொவத்துக்குப் போனான். அப்பா விஷயம் கேள்விப்பட்டு மில்லுலேர்ந்து வீட்டுக்கு ஓடி வந்தாரு, கொடோனைத் தேடி முடிச்சுட்டு மேஸ்திரி ஆளுங்களும் பின்னாலயே வந்தாங்க.

இதுல ஒரு பொட்டுகூட எல்சி காதுல விழல. அவ காதுல சரக் சரக் மட்டும். படியில ஏறுறவன் வேணும்னே சத்தம் குடுத்து நடக்குறான், அது அவளை அந்தப் பக்கம் திருப்புறதுக்கு. நெஜ ஆளு பின்னாடி, எடது பக்கம், ஒரு அடி வச்சு நிக்குறான், இன்னொரு அடி வச்சு நிக்குறான். ரெண்டு மாசமா அவளைக் கொன்ன அதே பக்கம். எல்சி மூச்சைப் புடிச்சுக்கிட்டு மூணாவது அடிக்குக் காத்திருந்தா. மணல் போயி சிமெண்டுத் தரை வந்துச்சு. திரும்புனா, ஒரே குண்டு. படிக்காரன் பதறிப் போயி தடதடன்னு எறங்குனான். அவ்ளோ சத்தத்துக்கு ஒத்தக் காதே போதும், அவனும் விழுந்தான்.

மஃப்பைக் கழட்டித் திரும்புனா ரூமுக்குள்ள அஞ்சு பேரு நிக்குறாங்க, நாலு பேரு கையில கம்பு. அவ பயந்து நாற்காலியோட பின்னாடி போயிட்டா. கண்ணுசாமி மேஸ்திரி ஸ்க்ரீனைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு, வேர்வையைத் தொடைச்சாரு.

"எத்தனை பேரு, எந்தப் பக்கம், எல்லாம் கரெக்டா சொன்னியேம்மா. ஆளைத்தான் காணோம்."

இயர்போன்ல ஹபீப் குரல் வந்துச்சு. பின்னாடி நடக்குறது எதுவும் அவனுக்குத் தெரியாது. அடுத்த மேட்ச் வியாழக்கெழமை, நீதான் ஆடுற, ஆனா வாய்க்கும் ஒரு மூடி வாங்குன்னான்.

கம்பை எல்லாம் வச்சுட்டு அவங்க அம்மா குடுத்த டீயைக் குடிச்சுக்கிட்டிருக்கும்போது அண்ணன் வீடியோ கால். அங்க சனிக்கெழமை அரை நாள் வேலைதான், பின்னாடி ரூம்மேட்டுங்க தலை நாலு. எல்லாரும் மஞ்ச மஃப்பைப் பாக்க எட்டிக்கிட்டிருந்தாங்க.

"ஜெயிச்சாச்சாமே. எப்டிடீ, நல்லா கேக்குதா?"

ஆமான்னு சொல்லிட்டா முடிஞ்சுது. எல்சிக்கு அந்த ஆமா வாய் வரைக்கும் வந்து நின்னுச்சு. இத்தனை பேரு முன்னாடி அண்ணனைக் கூச்சப்பட வைக்கவும் மனசில்ல, பொய்யில வச்சுக்கவும் மனசில்ல.

"ஒண்ணுமே கேக்கலண்ணே. அதனாலதான் ஜெயிச்சேன்."

அப்புறம் எல்லாத்தையும் சொன்னா. முந்நூத்தம்பது ரூவா இயர்போனு, பஸ் ஸ்டாண்டு, கண்டக்டர் வாயி, எல்லாம். அண்ணன் கால்ல இருந்தபடியே ஃபோன்ல அவ அனுப்புன லிஸ்ட்டைத் தேடிப் படிச்சான். ஒண்ணொண்ணா எண்ணுனான்.

"பாட்டு வரணும்னு நீ எழுதவே இல்லையேடி."

"எழுதல."

"அப்ப என் டிக் எல்லாம் கரெக்டு."

"எல்லாம் கரெக்டுண்ணே. இது இல்லாம அந்த முந்நூத்தம்பது ரூவா சாமான் செத்த சாமான்."

பின்னாடி இருந்த நாலு தலையும் வெடிச்சுச் சிரிச்சுது, அதுல அண்ணனும் சேந்துக்கிட்டான். அப்பா அதுக்குள்ள மஃப்பை எடுத்து மாட்டிக்கிட்டாரு, சத்தியம் பண்ணுன சாமானாச்சே. ஃபோனுக்குள்ள குனிஞ்சு, தம்பி, இதே மாதிரி இன்னொண்ணு அனுப்புய்யா, இவளுக்கு வியாழக்கெழமைக்குள்ள வேணும்னாரு.

எந்த சைஸுப்பான்னு அண்ணன் கேட்டான். ரெண்டு தடவை கேட்டான். அப்பாவுக்கு ஒண்ணும் கேக்கல. கையை ஆட்டிட்டு, அமைதியா மில்லுக்குள்ள போயிட்டாரு.